குகைக்குள் ஒற்றை பெல்

பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு நான் எழுதிய பட்டியலில் பதினேழு வரிகள் இருந்தன. முதல் வரி அப்பாவின் மாத்திரை, இரண்டு பைகளில் பிரித்து வைக்க. கடைசி வரி விசில். இடையில் இருந்தவை எல்லாருடைய பட்டியலிலும் இருப்பவைதான்: சார்ஜர், குடை, வழுக்காத செருப்பு, ஆதார் நகல். ஒன்பதாவது வரியை மட்டும் வேறு யாரும் வாசித்தால் புரியாதபடி 'சட்டைப் பை' என்று மட்டும் எழுதியிருந்தேன். அப்பாவின் சட்டைப் பையில் வைக்க வேண்டிய ஒரு சீட்டு அது. அவருடைய பெயர், என் கைபேசி எண், 'இவர் வழி தவறியிருந்தால் தயவுசெய்து அழைக்கவும்' என்று ஆங்கிலத்திலும் இந்தியிலும் தெலுங்கிலும். தெலுங்கை என்னுடன் வேலை பார்க்கும் நர்ஸ் ஒருத்தி எழுதித் தந்தாள். எதற்கென்று கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர்களிடம் இந்த ஒரு நல்ல குணம் உண்டு.

நான் திருவனந்தபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் கருவிகளைப் பராமரிக்கிறேன். வென்டிலேட்டர், மானிட்டர், மருந்து செலுத்தும் பம்ப். ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள் உண்டு, தாளில் கட்டங்கள் உண்டு. சரிபார்த்து டிக் போட்டால் அந்தக் கருவியை அன்றைக்கு மறந்துவிடலாம். டிக் போட முடியாத ஒன்றை எப்படி மனதில் வைத்துக்கொண்டு தூங்குவது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அப்பா இருபத்தொன்பது வருடம் அரசு பஸ் ஓட்டினார். நெய்யாற்றின்கரையிலிருந்து காட்டாக்கடை, காஞ்சிரங்குளம், பாறசாலை. மலையாளத்தில் போர்டு வைத்த வண்டியில் தமிழில் பேசிக்கொண்டு ஏறுகிற ஆட்கள். அந்த ரோடுகளில் எந்த வளைவில் எந்த வீட்டுச் சுவர் ரோட்டை நோக்கி நீண்டிருக்கிறது என்பது அவருடைய கைக்குத் தெரியும். ஓய்வு பெற்று நாலு வருடம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஸ்கூட்டரில் வந்தவர், உதியன்குளங்கரை ஸ்டாப்பில் ஓரமாக நிறுத்தினார். எஞ்சினை அணைக்கவில்லை. முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"என்ன அப்பா?"

"ஆள் எறங்கட்டு."

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு மூன்று சம்பவங்கள், ஒரு டாக்டர், ஒரு ஸ்கேன். டாக்டர் திரையில் படத்தைக் காட்டினார். வெள்ளைக்கு நடுவே கறுப்பாக இருக்கும் இடங்கள் இந்த வயதில் இருக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கின்றன என்றார். ஆரம்பம்தான், பயப்பட வேண்டாம் என்றார். அப்பா எல்லாவற்றையும் கேட்டு, நன்றி சொல்லி, வெளியே வந்து, வண்டி நிறுத்தும் இடத்தில் நின்று என் கையைப் பிடித்தார்.

"மக்களே, இத ஆருட்டயும் சொல்லப்பிடாது. ஒனக்க மாமனுட்ட கூட. இத்தன வருசம் வண்டி ஓட்டினவனுக்கு வழி தெரியாம போச்சுண்ணு ஊர்ல பேசப்பிடாது, கேட்டியா?"

சொல்லமாட்டேன் என்றேன். அம்மாவுக்குத் தெரியும், ஆனால் அவள் அதை 'அசதி' என்று சொல்லிக்கொண்டாள். மாமாவுக்கு, அதாவது அம்மாவின் தம்பிக்கு, ஒன்றும் தெரியாது. இந்தப் பயணத்தை ஏற்பாடு செய்தவரே அவர்தான்.

அப்பா எப்போதோ டிவியில் அந்தக் குகையைப் பார்த்திருந்தார். ஆந்திராவில், கடலோர நகரம் ஒன்றிலிருந்து மலையேறிப் போக வேண்டிய சுண்ணாம்புக் குகை. "பூமிக்க அகத்த இப்பிடி ஒரு எடம் உண்டா? ஒருக்கா பாக்கணும்" என்று வருடத்துக்கு இரண்டு தடவையாவது சொல்வார். மாமாவுக்குப் பாறசாலையில் டைல்ஸ் கடை. கல் என்றால் அவருக்கும் ஆசை. "அத்தான் சொல்லிச் சொல்லி எனக்கே பாக்கணும்போல ஆயிப்போச்சு" என்று ரயில் டிக்கெட் எடுத்துவிட்டார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணம் இருந்தது. அதைச் சொல்லத்தான் முடியாது. இன்னொரு பக்கம், அப்பா பார்க்க வேண்டுமென்றால் அது இப்போதுதான் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. ஆக, என்னிடம் இருந்த வேலை ஒன்றே ஒன்று. அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய், காட்டி, தொலைக்காமல் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

விசிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலையேறுகிறவர்கள் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் ஆரஞ்சு நிற விசில், இரண்டு வாங்கினேன். ஒன்று எனக்கு, ஒன்று அப்பாவுக்கு. ரயிலில் அவர் கழுத்தில் மாட்டப் போனபோது கையைத் தட்டிவிட்டார்.

"இது எனக்கு எதுக்கு? இது தமிழ்நாட்டு வண்டிக்க கண்டக்டருக்கு உள்ளதாக்கும்."

மாமா மேல் படுக்கையிலிருந்து விழுந்துவிடுவதுபோலச் சிரித்தார். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். எல்லையில் இருக்கும் களியக்காவிளையைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போனால் கண்டக்டர் வாயில் விசில். இந்தப் பக்கம், கேரள வண்டியின் உள்ளே நீளத்துக்கு ஒரு கயிறு ஓடும். அதன் முனையில், டிரைவரின் தலைக்கு மேல், ஒரு மணி. கயிற்றை ஒரு தடவை இழுத்தால் நில். இரண்டு தடவை இழுத்தால் போ. அவ்வளவுதான் அந்த மொழி. "பொறத்த என்ன நடக்குண்ணு டிரைவருக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். பெல்லு கேட்டா போரும்" என்பார் அப்பா. எங்கள் வீட்டில் சோறு விளம்பும்போதுகூட பெல் உண்டு. அப்பா தட்டின் விளிம்பில் விரலால் ஒரு தடவை தட்டினால் போதும் என்று அர்த்தம். இரண்டு தட்டினால் இன்னும் விளம்பலாம். சின்ன வயதில் பக்கத்து வீட்டில் சாப்பிட்டபோது நான் தட்டில் ஒரு தட்டு தட்டிவிட்டுக் கையை எடுக்க, அவர்கள் மேலும் மேலும் குழம்பை ஊற்றியது நினைவிருக்கிறது. எல்லா வீட்டிலும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

குகை வாசலில் வேன் எங்களை இறக்கிவிட்டபோது காலை பத்தரை மணி. குரங்குகள், மூங்கில் குழாயில் கோழி சுடுகிற புகை, செருப்புக் கடை, வங்காளத்திலிருந்து வந்த ஒரு பெரிய குடும்பம். நான் வரிசையைச் சொன்னேன். முன்னால் மாமா, அடுத்து அப்பா, அப்புறம் அம்மா, கடைசியில் நான். பின்னாலிருந்து பார்த்தால் மூன்று பேரும் கண்ணில் இருப்பார்கள்.

"ஏட்டி, இது என்ன சொதந்திர தின பரேடா?" என்றார் மாமா. "கொடி எங்க? கொடியயும் பட்டியல்ல எழுதியிருப்பியே."

"மாமா, உள்ள போன் கிட்டாது. யாரும் தனியா போகண்டாம். அதுக்குத்தான்."

"நான் கடையில நாலு பேர வச்சு நடத்துகவனாக்கும். என்ன இவ வரிசையில நிப்பாட்டுகா பாத்தியளா அத்தான்?"

அப்பா புன்னகை செய்தார். நன்றாகத் தூங்கி எழுந்த முகம். நீலக் கட்டம் போட்ட சட்டை. தூரத்திலிருந்தே தெரியும் என்று நான்தான் தேர்ந்தெடுத்திருந்தேன். பையில் சீட்டு இருந்தது. காலையில் அவர் குளிக்கும்போது வைத்துவிட்டேன்.

வாசலைத் தாண்டிப் பத்துப் படி இறங்கியதும் நான் பட்டியலை மறந்தேன். அந்த இடத்தின் பிரம்மாண்டத்தை எதனுடன் ஒப்பிடுவது என்று தெரியவில்லை. நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டை வண்டிகளோடு உள்ளே வைத்தாலும் மேலே இன்னும் இரண்டு மாடிக்கு இடம் இருக்கும். கூரையிலிருந்து கல் வடிந்துகொண்டிருந்தது. நிஜமாகவே வடிந்ததுபோல, மெழுகுவர்த்தி உருகி நின்றுவிட்டதுபோல. சில இடங்களில் மேலிருந்து வந்த கல்லும் கீழிருந்து எழுந்த கல்லும் ஒன்றையொன்று தொட ஒரு விரல் அளவே பாக்கி. சில இடங்களில் தொட்டுச் சேர்ந்து, தூணாகி, ஆயிரம் மடிப்புப் போட்ட துணிபோல நின்றன. ஈரம் பட்ட இடங்களெல்லாம் மின்னின. சிவப்பு, பச்சை, மஞ்சள் விளக்குகள் வைத்திருந்தார்கள். வெள்ளை விளக்கே போதுமாயிருந்திருக்கும்.

"என்னமா கல்லு இது!" என்றார் மாமா, குரல் அடங்கி. "இத அறுத்து பாலிஷ் போட்டா இத்தாலிக்காரன் தோத்துப் போவான். ச்சே, பாவம், அறுக்கப்பிடாது."

அப்பாவின் வாய் லேசாகத் திறந்திருந்தது. கண்ணில் தண்ணீர் நின்றது; அது சந்தோஷமா ஈரக் காற்றா என்று தெரியவில்லை. இது எப்படி ஆச்சு என்று என்னிடம் கேட்டார். நான் படித்து வைத்திருந்ததைச் சொன்னேன். மழைத்தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும்போது கொஞ்சம் அமிலமாகிறது. பாறையைக் கரைத்துக்கொண்டு வருகிறது. உள்ளே சொட்டும்போது கரைத்ததை விட்டுவிட்டுப் போகிறது. அது மறுபடி கல்லாகிறது.

"அப்ப இவ்வளவு எடமும் கரைஞ்சு போனதா?"

"ஆமா."

அவர் அண்ணாந்து இருட்டைப் பார்த்தார். எனக்கு டாக்டரின் திரை நினைவுக்கு வந்தது. வெள்ளைக்கு நடுவே கறுப்பு. அதை நினைக்கக் கூடாது என்று வேறு பக்கம் திரும்பி, படிகளின் விளிம்பில் ஈரம் எங்கெல்லாம் இருக்கிறது என்று பார்க்கத் தொடங்கினேன்.

படிகள் இரும்புக் கைப்பிடியோடு வளைந்து வளைந்து இறங்கின. அங்கங்கே ஒரு தட்டு, அதாவது நிற்கத் தட்டையான இடம், அங்கிருந்து கிளைப் பாதைகள். காவலர்கள் ஓயாமல் விசில் அடித்துக்கொண்டிருந்தார்கள். கல்லைத் தொடாதே என்று ஒரு விசில், கம்பிக்கு மேல் ஏறாதே என்று ஒரு விசில், எதற்கென்றே தெரியாமல் ஒரு விசில். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. என் வேலையில் இது தெரிந்த விஷயம். எந்நேரமும் ஒலிக்கிற அலாரத்தை வார்டில் யாரும் கேட்பதில்லை. கழுத்தில் தொங்கிய என் ஆரஞ்சு விசிலைத் தொட்டுப் பார்த்தேன். பதினேழாவது வரி வீண் என்று அப்போதே தெரிந்துவிட்டது. தெரிந்தும் வேறு வழி யோசிக்கவில்லை.

மூன்றாவது தட்டில் அம்மாவின் முட்டி மடங்க மறுத்தது. "நான் இஞ்ச இருக்கேன், நீங்க போயிட்டு வாருங்க" என்று ஒரு கல்மேடையில் உட்கார்ந்தாள். முகம் வியர்த்திருந்தது. நான் குனிந்து பையிலிருந்து தைலத்தையும் தண்ணீரையும் எடுக்க வேண்டியிருந்தது.

"மாமா, அப்பாவ ஒரு நிமிஷம் பாத்துக்கிடுங்க."

"அத்தான் என்ன சின்ன பிள்ளையா பாத்துக்கிட?"

அந்த இடத்தில் நான் ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். அப்பா இரண்டடி தள்ளி நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறேனா என்று பார்ப்பதுபோல இருந்தது. "இல்ல, வழுக்கும், அதுக்குத்தான்" என்றேன்.

அம்மாவின் முட்டியில் தைலம் தேய்த்து நிமிர ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். மாமா பக்கத்துத் தூணருகே மண்டியிட்டு, கைபேசியை மேலே தூக்கி, படம் பிடித்துக்கொண்டிருந்தார். தனியாக.

"அப்பா எங்க?"

"இஞ்சதான் நிண்ணாரு."

"எங்க?"

"இஞ்சதான், ஏட்டி. எனக்க பொறத்த."

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. கருவி அலறினால் முதலில் கருவியைப் பார்க்கக் கூடாது, நோயாளியைப் பார்க்க வேண்டும். இங்கே பார்க்க நோயாளி இல்லை. நின்ற இடத்திலிருந்து பிரிகிற பாதைகளை எண்ணினேன். மேலே போவது ஒன்று, கீழே போவது ஒன்று, பக்கவாட்டில் ஒரு சின்ன சந்நிதிக்குப் போவது ஒன்று. மாமாவைச் சந்நிதிப் பக்கம் அனுப்பினேன். அம்மா எழ முயன்றாள். அங்கேயே இருக்கச் சொன்னேன். நீலச் சட்டையைத் தேடினேன். சிவப்பு விளக்கின் கீழே நீலம் என்று ஒரு நிறமே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எல்லாச் சட்டையும் கறுப்பு. இதைப் படித்தவள் நான்; பள்ளிக்கூடப் பாடம்.

"அப்பா!" என்று கூப்பிட்டேன். நாலைந்து ஆண்கள் திரும்பினார்கள். குகை என் குரலை வாங்கி மூன்று பக்கத்திலிருந்து திருப்பித் தந்தது. விசிலை ஊதினேன். ஒரு காவலர் என்னை முறைத்தார். அவ்வளவுதான். அம்மா எனக்குப் பின்னால் கத்தினாள். "இஞ்ச கேட்டுதா! இஞ்ச கேட்டுதா!" அப்பாவை அவள் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. அந்த அவசரத்திலும் வாயில் வரவில்லை. பெயர் சொல்லாமல் அத்தனை பேருக்கு நடுவே ஒருவரை எப்படித் திரும்ப வைப்பது?

கைப்பிடியில் சாய்ந்து கீழே பார்த்தபோது கண்டேன். அடுத்த வளைவுக்கும் கீழே, விளக்குகள் முடிகிற இடத்துக்கு அருகே, ஓர் ஆள் சீராக நடந்துகொண்டிருந்தார். இடது தோள் சற்று இறங்கின அந்த நடையை எந்த நிற விளக்கிலும் எனக்குத் தெரியும். அவருக்கு முன்னால் பாதையை மறித்து ஒரு கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு அப்பால் களிமண் சரிவு, அதற்கப்பால் இருட்டு, எங்கோ அடியில் தண்ணீர் ஓடுகிற சத்தம்.

என் கையில் எவர்சில்வர் தண்ணீர் பாட்டில் இருந்தது. அதை இரும்புக் கைப்பிடியில் அடித்தேன். டங் டங். குகை முழுக்க மணியடித்ததுபோலக் கேட்டது. அவர் திரும்பவில்லை. மறுபடி அடித்தேன், டங் டங். அவர் வேகம் கூடியது. டங் டங். கயிற்றைப் பிடித்து, குனிந்து, அந்தப் பக்கம் போனார். நான் இன்னும் வேகமாக அடித்தேன், இரண்டிரண்டாக, மூச்சு வாங்க. நான் அடிக்க அடிக்க அவர் என்னைவிட்டுப் போனார்.

நாலாவதோ ஐந்தாவதோ தடவை கையை ஓங்கியபோதுதான் என் கை நின்றது. நான் என்ன அடித்துக்கொண்டிருக்கிறேன்? போ, போ, போ என்று அடித்துக்கொண்டிருக்கிறேன். இருபத்தொன்பது வருடம் தலைக்கு மேல் கேட்ட சத்தம் அது. பின்னால் என்ன நடக்கிறது என்று டிரைவருக்குத் தெரிய வேண்டாம்.

பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்தேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அடித்தேன்.

டங்.

அப்பா நின்றார்.

ஒரு காலை முன்னால் வைத்து, மற்றக் காலில் பாரத்தைப் போட்டு, அப்படியே நின்றார். திரும்பவில்லை. தலையை மட்டும் லேசாக இடது பக்கம் மேலே தூக்கினார். பஸ்ஸில் டிரைவர் பார்க்கும் உட்பக்கக் கண்ணாடி இருக்கும் இடம் அது.

நான் படிகளில் ஓடவில்லை. ஓடினால் செருப்பு படியில் இரண்டு தடவை ஒலித்துவிடுமோ என்று பயம். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். ஈரப் படிகளில் வெறுங்காலோடு, கைப்பிடியில் எதுவும் படாமல், வழியில் செல்ஃபி எடுத்தவர்களைக் கையால் விலக்கிக்கொண்டு இறங்கினேன். ஒவ்வொரு படியிலும் கண் அவர் முதுகிலேயே இருந்தது. யாராவது ஏதாவது இரும்பைத் தட்டிவிட்டால்? அந்த நாற்பது ஐம்பது படிகளை நான் இப்போதும் சில நேரம் இறங்கிக்கொண்டிருக்கிறேன்.

கயிற்றின் இந்தப் பக்கம் போய் நின்றேன். அவருடைய செருப்பின் முனையிலிருந்து ஓர் அடி தள்ளிச் சரிவு தொடங்கியது. கையை நீட்டினால் சட்டையைப் பிடிக்கலாம். பிடித்தால் திடுக்கிட்டு முன்னால் போய்விடுவாரோ என்று பிடிக்கவில்லை.

"ஆள் ஏறியாச்சா?" என்றார், முன்னால் பார்த்தபடி.

என் குரல் எப்படி அவ்வளவு சாதாரணமாக வந்தது என்று தெரியவில்லை. "இல்ல அப்பா. அம்மையும் மாமனும் ஏறல்ல."

"அப்ப நிக்கேன்."

"இஞ்ச கடைசி ஸ்டாப்பாக்கும். வண்டி திருப்பணும்."

அவர் யோசித்தார். "எடம் கொறவு" என்றார்.

"நான் பொறத்த நிண்ணு சொல்லுகேன். மெதுவா வாங்க. வாங்க, வாங்க. எடப்பக்கம் ஒடிச்சு திருப்புங்க. போரும்."

அவர் ஒரு கையால் கயிற்றைப் பிடித்து, சின்னச் சின்ன அடிகளாக, பின்னால் வந்து திரும்பினார். கயிற்றைத் தூக்கினேன். குனிந்து இந்தப் பக்கம் வந்தார். அப்போதுதான் அவர் கையைப் பிடித்தேன். குளிர்ந்திருந்தது. பாட்டிலால் கைப்பிடியை மெல்ல இரண்டு தட்டினேன். நடந்தார்.

இரண்டாவது வளைவில் அவரே நின்றார். சுற்றிப் பார்த்தார். கையில் ஒட்டியிருந்த களிமண்ணைப் பார்த்தார். என் வெறுங்காலைப் பார்த்தார்.

"நான் எங்க போனேன் மக்களே?"

"கொஞ்சம் கீழ."

"ஒனக்க மாமன் கண்டானா?"

மாமா அந்தப் படியின் உச்சியிலேயே நின்றுகொண்டிருந்தார். சந்நிதிப் பக்கத்திலிருந்து ஓடிவந்து அங்கிருந்தே எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லாமல் நான் அதற்குமுன் பார்த்ததில்லை. வேறு ஒரு ஆள்போல இருந்தார். அம்மா அவர் பக்கத்தில் கைப்பிடியைப் பற்றி நின்று, "எலே, நீ அவர விட்டுட்டு படம் பிடிக்கப் போனியா, எலே" என்று அழுகையும் திட்டுமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அத்தானுக்கு என்ன?" என்று மாமா என்னிடம் கேட்டார்.

நான் அப்பாவைப் பார்த்தேன். அதைச் சொல்ல வேண்டியது நான் இல்லை. வங்காளக் குடும்பம் எங்களைக் கடந்து இறங்கிப் போனது. அவர்கள் போகும்வரை அப்பா காத்திருந்தார்.

"அளியா, எனக்கு இப்ப கொஞ்ச நாளா வழி தப்புது" என்று மாமாவிடம் சொன்னார். "டாக்டர் பாத்தாச்சு. ஆரம்பமாக்கும். இவட்ட நான்தான் சொல்லண்டாம்ணு சொன்னேன்."

மாமா கோபத்தோடு என் பக்கம் திரும்பினார். "பதினேழு வரி எழுதினியே. கொடையும் செருப்பும் எழுதினியே. அதில 'மாமனுட்ட சொல்லணும்'ணு ஒரு வரி எழுதப்பிடாதா? எனக்குத் தெரிஞ்சிருந்தா நான் அந்தக் கல்ல படம் பிடிக்கப் போயிருப்பேனா?"

கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேன், அதனால் அப்பாவைத் தொலைக்க இருந்தேன். இரண்டும் ஒரே கட்டத்தில் டிக் போட வேண்டியவையா என்று எந்தத் தாளிலும் எழுதியிருக்கவில்லை.

மேலே ஏறும்போது வரிசை மாறியது. அம்மா முன்னால், அவளுக்குப் பின்னால் அப்பா, அப்பாவுக்கு ஒட்டினாற்போல மாமா. நான் மறுபடி கடைசி. ஒவ்வொரு தட்டு வந்ததும், அம்மாவுக்கு மூச்சு வாங்குவதைப் பார்த்து, மாமா தன் மோதிரத்தால் கைப்பிடியில் ஒரு தட்டுத் தட்டினார். அப்பா நின்றார். தெளிவாகத்தான் நின்றார் என்று நினைக்கிறேன். உதட்டோரம் கொஞ்சம் வளைந்திருந்தது. "கண்டக்டர் புதுசு. கை அழுத்தம் போராது" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடைசித் தட்டில் யாரோ ஒரு பெண் செல்ஃபி கம்பை மடக்கும்போது அது இரும்பில் இடித்தது, டக் டக் என்று. அப்பாவின் கால் உடனே ஒரு படி எடுத்து வைத்தது. பிறகு நின்றது. மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருடைய கை அப்பாவின் முழங்கையை ஏற்கெனவே பிடித்திருந்தது. இனி நாங்கள் இருவரும் எல்லா இரும்புச் சத்தத்தையும் கேட்டுக்கொண்டிருப்போம் என்று தெரிந்தது. அதில் எனக்கு இருந்த பாரம் பாதியாகவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டிருப்பது இனி நான் மட்டும் இல்லை.

வெளியே வெயில் கண்ணைக் குத்தியது. கோழிப் புகை, குரங்குகள், எங்கள் வேன். அப்பா ஒரு மரத்தடியில் நின்று சட்டைப் பையைத் திறந்து, நான் வைத்த சீட்டை எடுத்தார். நாலாக மடித்தது எட்டாக மடிக்கப்பட்டிருந்தது. அதற்கு முன்பே எடுத்து வாசித்திருக்கிறார் என்று அந்த மடிப்பைப் பார்த்ததும் புரிந்தது. அதை மாமாவிடம் நீட்டினார்.

"இதுல ஒனக்க நம்பரும் எழுது அளியா. இவளுக்கு டூட்டி உள்ள நேரம் போன் எடுக்கமாட்டா."

மாமா வாங்கி வாசித்தார். கடையில் டைலில் அளவு குறிக்கிற தடித்த பென்சில் எப்போதும் அவர் சட்டைப் பையில் இருக்கும். வேனின் பக்கவாட்டில் சீட்டை வைத்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டே எழுதினார். அப்பாவிடம் கொடுக்கும் முன் நான் வாங்கிப் பார்த்தேன். வெயிலில் கண் கூசியதாலோ என்னவோ, நடுவில் ஓர் எண் ஒன்றா ஏழா என்று தெரியவில்லை.

"மாமா, இது என்ன?"

"ஏழாக்கும்."

"தெளிவா எழுதுங்க. வேற ஆளு வாசிக்கணும்."

அவர் ஒன்றும் கேலி செய்யாமல் அதை அடித்துவிட்டு, பக்கத்தில் பெரிதாக, அழுத்தி, மறுபடி எழுதினார்.